மண்ணீரல் வளர்ந்த மாதங்கள்

பேருந்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த நோய் அங்கேதான் தொடங்கியது.

அது 2009ஆம் ஆண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். என் கணவர் வேலை பார்த்த அலுவலகம் அது. மாரடைப்பில் அவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மகள் நித்யா சிதம்பரத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாட்களில் அவளைப் பார்க்கப் போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை, உட்கார இடமில்லாமல் ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டே போனேன். மூச்சு வாங்கியது. சன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"இப்டி உக்காரும்மா. வயித்துப் புள்ளயோட எவ்ளோ தூரம் நிப்ப?"

உட்கார்ந்துவிட்டேன். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கால்கள் மடங்கிவிட்டன. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எத்தினியாவது மாசம்?" என்று கேட்டபடியே என் கழுத்தைப் பார்த்தாள். தாலி இல்லை. குனிந்து கால்விரல்களைப் பார்த்தாள். மெட்டியும் இல்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்பக்கம் போய் நின்றாள். புதுச்சத்திரத்தில் என் பக்கத்து இருக்கை காலியான பிறகும் வந்து உட்காரவில்லை.

அதுவரை எனக்கு அது வாயுத் தொல்லை. நாற்பத்தொரு வயதில் வயிறு போடுவது இயற்கைதான் என்று நினைத்திருந்தேன். கையும் முகமும் இளைத்துக்கொண்டே வந்ததையும், எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தோலில் நீலத் திட்டுகள் வந்ததையும் வயதோடு சேர்த்துக் கணக்கெழுதிவிட்டிருந்தேன். அன்று விடுதி வாசலில் நித்யா என்னைப் பார்த்த விதமும் சரியில்லை. என்னை உள்ளே கூப்பிடாமல், "வாம்மா, வெளிய போயி டீ குடிக்கலாம்" என்று வேகமாகக் கூட்டிக்கொண்டு போனாள். டீக்கடையில் அவள் எதிரே உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் எனக்கு நெருக்கமானவர் ஜமீலா அக்கா, தட்டச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எதையும் சுற்றிவளைக்காமல் பேசுவார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"வளரு, நான் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காத. கர்ப்பப்பையில கட்டி கிட்டி இருக்குமோ? எங்க நாத்தனாருக்கு இப்படித்தான் வயிறு ஜாஸ்தியா தெரிஞ்சுது. வா, ஒரு லேடி டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

கட்டியா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அதற்காகவே அழுதுவிடலாம் போல இருந்தது.

மகளிர் மருத்துவமனையில் எங்களைச் சுற்றிலும் கர்ப்பிணிகள். சிலருக்கு மாமியார் துணை, சிலருக்குக் கணவன். செவிலியர் என் பெயரைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "வளர்மதி, கடைசியா எப்ப தலைக்கு குளிச்சீங்க? வீட்டுக்காரர் வந்துருக்காரா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன், "அவரு தவறிட்டாரு" என்றார் ஜமீலா அக்கா. செவிலியர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிறகு சிறுநீருக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். எந்தச் சோதனைக்கு என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். டப்பாவை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூடத்தைத் தாண்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

கர்ப்பம் இல்லை என்று வந்தது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். நான் எடுக்கவில்லை. ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் இதே கூட்டம், இதே கேள்விகள் இருக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஜமீலா அக்கா கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலையைச் சொன்னேன்.

அன்று அந்தக் கூடத்தில் என் அண்ணியின் தங்கையும் இருந்திருக்கிறாள். தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாளாம். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் என் கையிலிருந்த டப்பா வரை பார்த்திருக்கிறாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்திலிருந்து அண்ணன் வந்தார். ராஜாங்கம் என்று பெயர். அங்கே நிலமும் ஓர் உரக்கடையும் வைத்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு என்னைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை.

"யாருன்னு மட்டும் சொல்லு, வளரு. நான் சத்தம் போட மாட்டேன். எந்தச் சாதியா இருந்தாலும் பேசி, கோயில்ல வச்சு ஒரு தாலியக் கட்ட வச்சுடறேன். ஊர் வாய மூடிரலாம்."

என்ன சொல்கிறார் என்று புரியவே நேரம் ஆனது. புரிந்தபோது உடம்பெல்லாம் சுட்டது. "ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லண்ணா. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டாங்க. இல்லன்னு வந்துடுச்சு" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டெஸ்ட் எடுக்கற அளவுக்குப் போயிருக்கு பாத்தியா."

அவர் கோபமாகப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பை மாட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நித்யாவின் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. நான் அழைத்தால், "கிளாஸ் இருக்கும்மா" என்பாள். மாமா அவளிடம் பேசியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. விடுதியிலும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. செய்யாத காரியத்துக்கு வெட்கப்பட முடியுமா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். முடியும். அலுவலகத்தில் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். மாலையில் எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கடைசியாகக் கிளம்பினேன். வீட்டில் குளிக்கும்போதுகூட வயிற்றைக் குனிந்து பார்க்காமல் குளித்தேன்.

பிறகு ஒரு நாள், அலுவலகத்திலேயே மாதவிலக்கு கட்டுக்கடங்காமல் போனது. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஜமீலா அக்கா தான் போர்த்தியிருந்த துப்பட்டியை என்மேல் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கின்றன, சிவப்பணு, வெள்ளணு எல்லாமே குறைவு என்றார்கள். அன்றே ஆம்புலன்சில் சிதம்பரத்தின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

ஜமீலா அக்கா சொல்லி, நித்யா விடுதியிலிருந்து ஓடி வந்தாள். எனக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்துக் கட்டிலருகே வந்து குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளும் பயந்துபோயிருந்தாள் என்று இப்போது புரிகிறது.

"அம்மா, என்ன மாத்திர சாப்ட்ட? மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிரும்மா. சொன்னாதான் காப்பாத்த முடியும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பத்தொன்பது வருடம் வளர்த்த பெண். அவள் கேட்டதில் தவறில்லை. என் உயிருக்காகத்தான் கேட்டாள். ஆனாலும், அந்தக் கட்டிலிலேயே செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன்.

பயிற்சி மருத்துவர் ஒருவர் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இரத்தநோய் மருத்துவரைக் கூப்பிட்டார். நடுத்தர வயது, மெதுவாகப் பேசுபவர். இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து, ஒவ்வொரு அங்குலமாக இறங்கி, தொப்புளையும் தாண்டிப்போய் நிறுத்தினார். நித்யாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்க கைய வச்சுப் பாருங்கம்மா. கெட்டியா ஒரு விளிம்பு தெரியுதா? இதான் மண்ணீரல். நம்ம உள்ளங்கை அளவுல, விலாவுக்கு உள்ளயே இருக்கணும். தொட்டா தட்டுப்படக் கூடாது. உங்க அம்மாவுக்கு இவ்ளோ தூரம் வளந்துருக்கு. ரத்த அணுவையெல்லாம் இது உள்ள இழுத்து வச்சுக்குது."

நித்யாவின் கை என் வயிற்றின்மேல் அப்படியே நின்றது. வெகுநேரம் அவள் எடுக்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இடுப்பெலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையை உறிஞ்சப் பார்த்தார்கள். இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் மஜ்ஜை. ஒன்றும் வரவில்லை, ஊசி காய்ந்தே வந்தது. அதுவே ஒரு துப்பு என்றார் மருத்துவர். பிறகு கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து, ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பொதுவார்டில் படுத்திருந்தேன். அந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒவ்வொருவராக, "என்னா கேசும்மா நீ?" என்று கேட்பார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "ரத்தம் கம்மி" என்பேன். இரவில் தூக்கம் வராது. வார்டில் யாராவது இருமினால், அவர்களும் விழித்திருக்கிறார்கள் என்று ஓர் ஆறுதல்.

அண்ணனும் வந்தார். இரத்தம் கொடுத்தார். நித்யாவின் விடுதிப் பெண்களும் நான்கைந்து பேர் வந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்கள். வார்டுக்குள் வர அவர்களுக்குக் கூச்சமாக இருந்ததாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முடிவு வந்ததும் மருத்துவர் என்னையும் நித்யாவையும் அண்ணனையும் தன் அறையில் உட்காரவைத்தார். நோயின் பெயர் ஹேரி செல் லுக்கேமியா. இரத்தப் புற்றுநோயில் அரிதான ஒரு வகை. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வெள்ளணுக்களுக்கு முடி முளைத்த மாதிரி தெரியுமாம்.

"எப்படி டாக்டர் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள் நித்யா. அவள் படிப்பு அப்படி.

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "நோய எதிர்க்கிற வெள்ளணுல பல வகை இருக்கு. பாத்தா எல்லாம் ஒண்ணு போலதான் தெரியும். ஆனா ஒவ்வொண்ணும் தன் மேல்தோல்ல வேற வேற அடையாளம் வச்சுருக்கும். அந்த அடையாளத்துக்கு நம்பர் குடுத்துருக்காங்க. ஆன்டிபாடின்னா நம்ம உடம்பு செய்யற ஒரு புரதம். தனக்குன்னு இருக்கிற பொருள்ல மட்டும் போயி ஒட்டிக்கும். அதையே லேப்ல, ஒரே ஒரு செல்லோட வம்சத்துலேர்ந்து தயார் பண்ணா, எல்லாம் அச்சு மாறாம ஒரே அடையாளத்தத்தான் பிடிக்கும். அதான் மோனோகுளோனல் ஆன்டிபாடி. அதுல ஒளிர்ற சாயத்த ஏத்தி ரத்தத்துல கலப்பாங்க. அப்புறம் செல்லுங்கள ஒவ்வொண்ணா வரிசையா லேசர் வெளிச்சத்துக்கு முன்னால ஓட விட்டா, எது எது எந்த நிறத்துல மின்னுதுன்னு மெஷின் எண்ணிச் சொல்லிரும்."

"அம்மாவுக்கு?"

"பி செல்லுன்னு ஒரு வகை. அதுல சாதாரணமா இருக்கக் கூடாத அடையாளம், நூத்தி மூணுன்னு ஒண்ணு, பளிச்சுன்னு மின்னியிருக்கு. அதோட இன்னும் மூணு. ஒண்ண மட்டும் பாத்து நாங்க முடிவு பண்ண மாட்டோம். எல்லாம் சேந்து வந்தாதான் இந்த நோய்னு சொல்லுவோம்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், இது... ஆம்பள சகவாசத்துல வர்ற வியாதியா?"

நித்யா திரும்பி மாமாவைப் பார்த்தாள். மருத்துவர் என்னைப் பார்க்காமல் அண்ணனை மட்டும் பார்த்துச் சொன்னார். "இல்லைங்க. யார்கிட்டேர்ந்தும் வராது, யாருக்கும் ஒட்டாது. பரம்பரையாவும் சாதாரணமா வராது. இவுங்க எதுவும் பண்ணல. மருந்து இருக்கு. நல்லா கேக்கற நோய் இது."

அப்போது எனக்கு வந்தது மகிழ்ச்சி. எழுதவே கை கூசுகிறது. புற்றுநோய் என்று சொல்கிறார்கள், பக்கத்தில் மகள் உடைந்து அழுகிறாள், எனக்கோ நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போகிறது. சாவு பயம் பிறகு வந்தது, நிறையவே வந்தது. முதலில் வந்தது அந்த நிம்மதிதான். என் பிள்ளை தாயில்லாமல் போகலாம் என்று கேட்ட நொடியில், ஊர் என்னை இனி நம்பும் என்று நான் நினைத்தேன். மற்ற எல்லா வெட்கங்களும் கரைந்துவிட்டன. இது ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது.

மருந்து ஒரு வாரம், சொட்டுச்சொட்டாக நரம்பில் ஏறியது. தனி அறை. மருந்து கெட்ட அணுவோடு நல்ல அணுவையும் கொல்லும். அதனால் சாதாரணக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும் என்று யாரையும் அதிகம் உள்ளே விடவில்லை. செலவை ஜமீலா அக்காவும் அண்ணனும் எப்படியோ பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று கேட்டால் இருவருமே பேச்சை மாற்றினார்கள். அண்ணன் தினமும் கீரப்பாளையத்திலிருந்து சூடாக இட்லி கொண்டுவருவார். வெந்த உணவு மட்டும்தான் தர வேண்டும் என்று செவிலியர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவித்த துணி முதல் எடுத்துவந்த தூக்கு வரை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டதாகக் கதவுக்கு வெளியே நின்று செவிலியரிடம் ஒப்பிப்பார். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரியும். என்னிடம் நேராகப் பேசமாட்டார். "இன்னிக்கு ரெண்டு இட்லியாவது தின்னாளா?" என்று நித்யாவிடம் கேட்பார்.

மருந்து முடிந்ததும் காய்ச்சல் வந்து ஆளை உலுக்கியது. நித்யா தேர்வை விட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். என் உடம்பைத் துடைத்துவிடுவாள். வயிற்றைத் துடைக்கும்போது அவள் கை தயங்கி, பிறகு மிகவும் மெதுவாக நகரும்.

மெல்லத் தேறினேன். வாரங்கள் போகப்போக வயிறு வடிந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் மருத்துவர் அழுத்திப் பார்த்துச் சிரிப்பார். சில மாதங்களில் மண்ணீரல் விலாவுக்குள் போய்விட்டது. வேலைக்குத் திரும்பினேன்.

வயிறு போய்விட்டதல்லவா? ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. கலைத்துவிட்டேனாம். அதில் ஏதோ தப்பாகிப் போய்த்தான் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அண்ணி வேண்டாம் என்றாள். கெட்டவள் இல்லை, அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். "ரத்தப் புத்துநோய்னு வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டுப் பொண்ணுங்கள எவன் கட்டுவான்? டாக்டர் பரம்பரை இல்லன்னு சொல்லலாம், சம்பந்தி வீட்டுக்காரன் நம்புவானா? கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லிக்குங்க." நானும் தலையாட்டினேன். இரண்டில் ஒரு வெட்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மகளுக்கு எது குறைவாகக் கெடுதல் செய்யுமோ அதைத்தானே எடுக்க முடியும்?

அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு கீரப்பாளையத்தில் நடந்தது. போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். நித்யா விடவில்லை. பந்தியில் எனக்கு ஒரு பக்கம் நித்யா. எதிர் வரிசையில் அண்ணியின் தங்கை. அவளைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள். இலையில் கறி வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் நல்ல குரலில் கேட்டாள்.

"என்னாக்கா, வயிறு நல்லா வத்திப்போச்சே. எங்க போயி பாத்தீங்க? நம்ம பக்கத்துல ஒரு பொண்ணு எடம் தெரியாம தவிக்குது, அதான் கேட்டேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கட்டி என்று சொல்ல வேண்டும் என்று நினைவிருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

நித்யா இலையிலிருந்து கையை எடுத்தாள். "சிதம்பரம் பெரியாஸ்பத்திரிலதான் பாத்தோம் அத்தை. எங்கம்மாவுக்கு ரத்தப் புத்துநோய். மண்ணீரல் வீங்கி வயிறு வரைக்கும் வந்துடுச்சு. நீங்க பாத்தது அதத்தான். அந்தப் பொண்ணுக்கும் அப்படி இருந்தா சொல்லுங்க, டாக்டர் பேரு தர்றேன்."

அடுக்களை வாசலில் நின்ற அண்ணி, "நித்யா!" என்றாள். சாதப் பாத்திரத்தோடு வரிசையில் வந்துகொண்டிருந்த அண்ணன் நின்றுவிட்டார். நித்யாவைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவ சொல்றது நெசந்தான்" என்றார். "ஊர் பேசறதுக்கு மின்னாடியே அவ வீட்டு வாசல்ல போயி, யாருன்னு சொல்லுன்னு கேட்டவன் நான். கூடப் பொறந்தவன் நான் கேட்டன். இனிமே யாருக்கு என்னா கேக்கணும்னாலும் என்னக் கேளுங்க. அவளக் கேக்காதீங்க."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியின் தங்கை தன் இலையைப் பார்த்தாள். அந்தச் சபையில் அண்ணன் தலைகுனிந்து நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்காக நான் கூசிப்போனேன். என்ன சொல்லி அவரை அங்கிருந்து நகர்த்துவது என்று தெரியவில்லை.

"அண்ணே, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றேன்.

அவர் வந்து போட்டார். பாதி இலைக்கு வெளியே விழுந்தது. நித்யா அதை எடுத்துத் தன் இலையோரம் ஒதுக்கினாள். நாங்கள் சாப்பிட்டோம்.